சிக்னலுக்கு உள்ள காவல் பிரசவ அறைக்கு ஏன் இல்லை?

சத்தீஸ்கர் நாட்டுக்கே மின்சாரம் தரும் மாநிலம் என்று, 2000-ல் இம்மாநிலம் பிறந்த நாளிலிருந்து, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மேடைக்கு மேடை சொல்லி வருகிறார்கள். அது பொய்யில்லை. பிலாஸ்பூருக்குப் பக்கத்திலுள்ள சீபத் அனல்மின் நிலையம் ஒன்றின் திறன் மட்டும் 2,980 மெகாவாட். கோர்பாவில் மத்திய அரசு நிறுவனம் நடத்தும் நிலையம் 2,600 மெகாவாட். கோர்பா சுரங்கத்திலிருந்து கரி ஏற்றிக் கிளம்பும் ஒரு ரேக்கில் சுமார் 4,000 டன் போகிறது. ராத்திரி பகல் பாராமல் ரேக்குக்குப் பின் ரேக்காகப் போய்க்கொண்டே இருக்கிறது. வேகன் கணக்கு எழுதுகிறவர்களில், பாய்லர் வேலைக்கு ஒப்பந்தத்தில் போகிறவர்களில், எஃகு ஆலையின் சூட்டில் நிற்கிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ரேக் போகும் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டார்ச் வெளிச்சத்திலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் பிரசவம் பார்த்த கதை நம் குடும்பப் பெண்களுக்குத் தெரியாததல்ல. ஊருக்கெல்லாம் விளக்கேற்றும் மாநிலத்தில் பிள்ளை பெறும் அறைக்கு விளக்கு வைப்பது யார் பொறுப்பு? இந்த மாதம் அதைத்தான் எழுத நினைத்தோம்.

“இது கிராமத்துக்காரர்கள் பிரச்சினை. நமக்கென்ன?” என்று கேட்கிறவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ரயில்வேக்காரனுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. பிலாய் ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு செக்டர் ஒன்பது ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகள், சாலைப் பணிக்கு வந்து தகரக் கொட்டகையில் குடியிருப்பவர்கள், திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியோடு மாதக்கணக்கில் காட்டுக் கிராமங்களில் சுற்றுகிறவர்கள், சைக்கிளில் துணி விற்கிறவர்கள், ஹைவே ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் தாய்மார்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது? கான்ட்ராக்டர் பணம் கட்டினால்தானே அட்டை! பாம்பு கடித்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், ராத்திரியில் வலி எடுத்தாலும் இவர்கள் ஓட வேண்டிய இடம் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் பிறந்ததும் சென்னைப் பக்கம் போகும் வண்டிக்கு டிக்கெட் கேட்டு முன்பதிவு ஜன்னலுக்கு வரும் கணவன்மார்களை ரயில்வேயில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். கீழ் பெர்த் கிடைக்காவிட்டால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் குலுங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியிலும் நர்ஸ் இருப்பார். மூன்று நர்சுகளை முறை வைத்து நியமித்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது குழந்தைக்கும் மூன்றாவதுக்கும் யார் ஊருக்குப் போகிறார்கள்? மூத்தது பள்ளிக்கூடம் போகிறது, கணவனுக்குச் சோறாக்க ஆளில்லை, டிக்கெட்டுக்குப் பணமில்லை. அந்தப் பிள்ளைகள் இந்த மண்ணில்தான் பிறக்கின்றன. அதனால் இந்த மண்ணின் பிரசவ அறையைப் பற்றிப் பேசுவது நமக்குச் சம்பந்தமில்லாத காரியமல்ல.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே 5,000 பேருக்கு அல்லது 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம். அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் எந்த மொழி பேசினாலும் அது அவருக்கான நிலையம்தான். “நாங்கள் மதராஸிகள், எங்களை யார் கேட்பார்கள்” என்று வாசலிலேயே தயங்கி நிற்பதை முதலில் நம் பெண்கள் விட வேண்டும்.

சரி, கரண்ட் இருந்தால் அந்த நிலையத்தில் அப்படி என்ன மாறிவிடும்? ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

குழந்தை வெளியே வந்த முதல் நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது அழுகிறதா, மூச்சு இழுக்கிறதா, உடம்பு சிவந்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதை நர்ஸ் கண்ணால் பார்த்தாக வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள் முகமூடியை வைத்துப் பையை அழுத்திக் காற்றுக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர்கள் படித்த பாடம். பையை அழுத்த கரண்ட் வேண்டாம்தான். ஆனால் அதற்கு இரண்டு கையும் வேண்டும், பார்க்க வெளிச்சமும் வேண்டும். ஒரு கையில் டார்ச்சோ செல்போனோ இருந்தால் மிச்சமுள்ள ஒரு கையால் என்ன செய்வது? துணைக்கு வந்த மாமியாரிடம் கொடுத்தால், பேரப்பிள்ளை அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் கை நடுங்குகிறது. வெளிச்சம் சுவருக்குப் போகிறது.

அதே நேரத்தில் தாயையும் பார்க்க வேண்டும். நஞ்சு முழுதாக வந்ததா, ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். கிழிசல் இருந்தால் தையல் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு ரத்தம் போகிறது என்று கணிக்க வேண்டும். அரை லிட்டருக்கு மேல் போனால் அபாயம் என்று கணக்கு. நல்ல திடகாத்திரமான பெண்ணையும் சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடக் கூடிய பெருக்கு அது. மங்கல் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் ஊறும் ரத்தம் யார் கண்ணில் படும்? கண்ணில் படும்போது அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டி தேட வேண்டிய நிலைமை ஆகிவிடுகிறது.

இந்தப் பெருக்கை அடக்கவும், வராமல் தடுக்கவும் போடும் ஊசிக்கு ஆக்ஸிடோசின் என்று பெயர். விலை அதிகமில்லாத மருந்து. ஆனால் குளிரில், 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. இந்தப் பிரதேசத்தில் மே மாதம் 45 டிகிரி வெயில் அடிப்பதை நாம் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சூட்டில் ஜன்னலோர அலமாரியில் நாட்கணக்கில் கிடந்த ஊசியின் வீரியம் குறைந்துபோகும். இதில் கொடுமை என்னவென்றால், பார்வைக்கு அது நல்ல ஊசி மாதிரியே இருக்கும். நர்ஸ் நம்பிப் போடுவார், பெருக்கு நிற்காது. “விதி முடிந்தது” என்று சொல்லிக்கொண்டு நாம் பாடை கட்டுவோம். குளிர்பெட்டிக்குக் கரண்ட் வராத கோடையில் அந்த விதி எழுதப்பட்டது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

தடுப்பூசிக்கும் இதே 2 முதல் 8 டிகிரிதான். இதற்கென்று ஐ.எல்.ஆர். என்ற பெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் சுவருக்குள்ளேயே ஐஸ் உறைந்திருக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் வந்தால் மிச்ச நேரம் தானே குளிரைத் தாங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் அரை மணி, முக்கால் மணி என்று துண்டு துண்டாக வந்தால்? வோல்டேஜ் இறங்கி கம்ப்ரஸர் ஓடாமல் முனகிக்கொண்டிருந்தால்? ஒன்றைத் தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பல தடுப்பூசிக் குப்பிகளின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால், அல்லது சதுரம் அதைவிடக் கறுத்துவிட்டால், அதைப் போடக் கூடாது. இதைக் கேட்டால் நர்ஸம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். விவரம் தெரிந்தவர் என்று மரியாதைதான் கிடைக்கும். அதே சமயம், அதிகக் குளிரும் சில மருந்துக்கு ஆகாது. ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் உறைந்துபோனாலும் வீண். இது சூட்டைக் காட்டும் அந்தச் சதுரத்தில் தெரியாது. அதனால்தான் பெட்டியின் வெப்பநிலையைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை குறித்து வைக்கும் விதி இருக்கிறது.

பிறந்த குழந்தையின் உடம்பு 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த நல்ல குழந்தைக்குத் தாயின் மார்புச் சூடே பெரும்பாலும் போதும். அதற்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கும், மூச்சுத் திணறும் குழந்தைக்கும் வார்மர் வேண்டும். சர்குஜா பக்கத்து மார்கழிக் குளிரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. மோட்டார் ஓடினால்தான் மேல் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால்தான் பிரசவ அறைக் குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால்தான் கை கழுவுவார்கள். கரண்ட் இல்லாத நாளில் குடத்துத் தண்ணீர்தான். சளி எடுக்கும் சக்‌ஷன் மெஷின், இளைப்புக்கு நெபுலைசர், கத்தரிக்கோலையும் ஊசியையும் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், மலேரியாவுக்கும் காசநோய்க்கும் சோதிக்கும் மைக்ராஸ்கோப் என்று எதை எடுத்தாலும் பின்னால் ஒரு பிளக் தொங்குகிறது. 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர்களை ஊர் ஊராக வழங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் அந்தப் பெட்டி கரண்ட் நின்ற கணத்தில் நின்றுவிடும் என்பதைப் படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்?

நர்ஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் கட்டிடம். பக்கத்தில் குவார்ட்டர்ஸ். விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, போன் சார்ஜ் ஏறவில்லை. அங்கே ஒரு பெண் தனியாக ராத்திரி தங்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நம் மகளை அனுப்புவோமா? அவர் மாலை பஸ்ஸுக்கு டவுனுக்குப் போய்விட்டால், ராத்திரியில் அந்த நிலையம் பூட்டிய கட்டிடம்தான்.

இதெல்லாம் நாம் சும்மா சொல்லும் பேச்சல்ல, இந்த மாநிலத்திலேயே பரிசோதித்துப் பார்த்த காரியம். கிரெடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2012 முதல் 2016 வரை 570 ஆரம்ப சுகாதார நிலையங்களின் கூரையில் சூரிய மின்தகடுகளை ஏற்றியது. ஒவ்வொன்றும் 2 கிலோவாட், கூடவே பேட்டரி. டெல்லியிலுள்ள எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் பற்றிய ஆய்வு மன்றம் 15 மாவட்டங்களில் 147 நிலையங்களுக்குப் போய்ப் பார்த்து, 2017-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. கரண்ட் போதாத, சூரிய மின்சாரமும் இல்லாத நிலையங்களோடு ஒப்பிட்டால், சூரிய மின்சாரம் உள்ள நிலையங்களில் உள்நோயாளிகளாகச் சேர்ந்தவர்கள் 50 சதவீதத்துக்கும் அதிகம். மாதத்தில் நடந்த பிரசவம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கும் விளக்கு ஒன்றினால் வந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. விளக்கு எரிந்தால் நர்ஸ் தங்குகிறார். நர்ஸ் தங்கினால் மித்தானின் அக்கா தைரியமாகக் கர்ப்பிணியை அழைத்து வருகிறார். ஒருத்திக்கு நல்லபடியாக நடந்தால் தெருவே வருகிறது. கரண்ட் முதல் கண்ணி, மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன.

இதற்கு எவ்வளவு மின்சாரம் பிடித்தது? குமாஸ்தா கணக்கில் சொல்கிறோம். 570 நிலையம், தலைக்கு 2 கிலோவாட் என்றால் 1,140 கிலோவாட், அதாவது 1.14 மெகாவாட். சீபத் நிலையத்தின் திறனில் இரண்டாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு! இந்தத் துளியைத்தான் கிராமத்துப் பிரசவ அறைக்குக் கொடுக்க இத்தனை வருஷம் பிடித்தது. மின்சாரம் பற்றாக்குறை என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

ஆனால் தகடு ஏற்றியதோடு வேலை முடிந்துவிடாது. நம் வயிற்றைக் கலக்கும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. பேட்டரிக்கு ஆயுள் உண்டு. ஈய அமில பேட்டரியை ஒழுங்காகப் பராமரித்தால் ஐந்து வருஷம், நல்ல கை பட்டால் இன்னும் கொஞ்சம். 2012-ல் வைத்த பேட்டரியின் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். அதை மாற்றினார்களா? மாற்றிய இடத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறார்களா, குழாய்த் தண்ணீரையா? தகட்டின் மேல் படியும் புழுதியை யார் துடைக்கிறார்கள்? குளிர்பெட்டிக்கும் பிரசவ அறைக்கும் என்று கொடுத்த இணைப்பில், ஆபீஸ் ரூம் கூலரையும் டி.வி.யையும் சொருகி வைத்திருக்கிறார்களா? கிரெடா இந்தக் காரியத்தில் பேர் வாங்கியதற்குக் காரணமே, தகடு வைத்ததோடு விடாமல் ஊர் ஊராகப் பராமரிப்புக்கு ஆள் வைத்ததுதான். அந்தப் பராமரிப்பு தளர்ந்தால் கூரையில் இருப்பது வெறும் கண்ணாடி.

இங்கேதான் ரயில்வேக்காரர்களாகிய நாம் வாய் திறக்க வேண்டும். சிக்னல் விளக்குக்கு எத்தனை காவல் வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஊர் லைன் போனால், ரயில் கம்பியிலிருந்தே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து எடுக்கும் கரண்ட். அதுவும் போனால் பேட்டரி வரிசை. அதற்கும் துணையாக ஜெனரேட்டர். ஒவ்வொரு செல்லுக்கும் எத்தனை வோல்ட், அமிலத்தின் அடர்த்தி எவ்வளவு என்று எழுத ரெஜிஸ்டர். எழுதியவன் கையெழுத்து, சரிபார்த்தவன் கையெழுத்து. தவறினால் விளக்கம் கேட்டு மெமோ. இத்தனைக்கும், விளக்கு அணைந்த சிக்னலை டிரைவர் சிவப்பு என்றே எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்த வேண்டும் என்பது விதி. இருட்டானால் வண்டி நிற்கும். பிரசவ வலி நிற்குமா? நிறுத்தக் கூடிய ரயிலுக்கு மூன்றடுக்குக் காவல். நிறுத்தவே முடியாத பிரசவத்துக்கு, காய்ந்துபோன ஒரு பேட்டரி. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

“இப்போதுதான் எல்லாக் கிராமத்துக்கும் லைன் வந்துவிட்டதே” என்று அதிகாரிகள் சொல்லுவார்கள். 2018 ஏப்ரல் 28-ம் தேதி மணிப்பூரிலுள்ள லெய்சாங் கிராமத்துக்குக் கம்பி போய்ச் சேர்ந்ததோடு இந்தியாவின் கிராமங்கள் அனைத்தும் மின்மயமாகிவிட்டதாக அரசு அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மின்மயம் என்ற சொல்லுக்கு அரசு ஏட்டில் இருந்த பொருள் என்ன? ஊரில் நூறு வீட்டில் பத்து வீட்டுக்கு இணைப்பு இருந்தால் போதும். அதோடு பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கும் இருக்க வேண்டும். சுகாதார நிலையம் என்று அந்த இலக்கணத்திலேயே எழுதியிருக்கிறது, கவனியுங்கள்! அப்படியிருந்தும், நாட்டிலுள்ள துணை நிலையங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குக் கரண்ட் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் புள்ளிவிவரமே 2010-களின் கடைசியிலும் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பி வந்ததா என்று கேட்பது ஒரு கேள்வி. கம்பியில் எத்தனை மணி நேரம், எத்தனை வோல்ட் வருகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்லும் பலகையை நாம் எங்கும் பார்க்கவில்லை. லைன் வந்த இடத்தில் “இனி பேட்டரி எதற்கு” என்று கைவிடும் ஆபத்தும் இருக்கிறது. இடி மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்து இரண்டு நாள் கிடக்கும்போதுதான் பேட்டரியின் அருமை தெரியும். பாம்புக்கடியும் அந்த மழைக்காலத்தில்தான் அதிகம்.

நம் மாநிலம் மட்டும் இப்படி என்று நினைத்துக் கூசவும் வேண்டாம். ஏழை நாடுகளிலும் நடுத்தரத்துக்குக் கீழான நாடுகளிலுமாகச் சுமார் 100 கோடிப் பேர், நம்பத்தக்க கரண்ட் இல்லாத அல்லது கரண்டே இல்லாத மருத்துவ நிலையங்களை நம்பி வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023-ல் கணக்குச் சொல்லியிருக்கின்றன.

சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பொங்கல் விழாவுக்கு வசூலித்ததில் மிச்சமிருக்கிறதே, பக்கத்து நிலையத்துக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று. நல்ல மனது, பாராட்டுகிறோம். ஆனால் நமக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்வெர்ட்டரில் நம் பெயர் இருக்கும், மூன்றாம் வருஷம் பேட்டரி செத்துக் கிடக்கும், கேட்டால் “சங்கத்தார் கொடுத்தது, எங்கள் கணக்கில் இல்லை” என்பார்கள். அரசு செய்ய வேண்டியதை அரசின் கணக்கில் ஏற்றி, அரசின் ஆளைக் கொண்டே பராமரிக்க வைக்க வேண்டும். அதற்குத் தானம் கொடுத்தால் போதாது, விடாமல் போய்க் கேட்க வேண்டும்.

விடாமல் நின்ற தொழிலாளர்களுக்கு இந்த மண்ணிலேயே வரலாறு இருக்கிறது. பிலாய் ஆலைக்கு இரும்புக் கல் தரும் தல்லி ராஜ்ஹராவில், தொழிற்சங்கத்தின் துணைத் தலைவியாக இருந்த ஒரு பெண் பிரசவத்தில் தக்க சிகிச்சை கிடைக்காமல் மாண்டார். சங்கர் குஹா நியோகியின் தலைமையில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தங்கள் காசிலும் தங்கள் உழைப்பிலும் ஒரு ஆஸ்பத்திரி கட்டி 1983-ல் திறந்தார்கள். 1977-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியான தோழர்களின் நினைவாக அதற்கு ஷஹீத் ஆஸ்பத்திரி என்று பெயர். அத்தனை பெரிய காரியத்தை இன்று நாம் செய்யச் சொல்லவில்லை. கட்டிடம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், பல இடங்களில் கூரையில் தகடும் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று போய்ப் பார்க்கக் கூட நமக்குக் கால் இல்லையா?

ஒவ்வொரு நிலையத்துக்கும் மக்கள் பங்கேற்கும் நிர்வாகக் குழு ஒன்று உண்டு. மற்ற மாநிலங்களில் ரோகி கல்யாண் சமிதி என்பார்கள். சத்தீஸ்கரில் அதற்கு ஜீவன் தீப் சமிதி என்று பெயர். உயிர் விளக்கு என்று நம் மொழியில் சொல்லலாம். பெயர் வைத்தவருக்கு நல்ல ரசனை! சின்னச் சின்னப் பழுது பார்க்கவும், வேண்டியதை வாங்கவும் அந்தக் குழுவின் கையில் பணம் கொஞ்சம் இருக்கும். அந்தக் குழுவிடம்தான் நாம் போக வேண்டும். தனியாகப் போகாமல் உள்ளூர் சத்தீஸ்கரிப் பெண்களையும், அந்தப் பகுதி மித்தானினையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்குப் பிரசவம் வேறு, நமக்குப் பிரசவம் வேறு அல்லவே.

கிளைத் தோழர்கள் தங்கள் பகுதி நிலையத்துக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய்ப் பார்த்து எழுத வேண்டியது இவ்வளவுதான்: சூரியத் தகடு உண்டா, பேட்டரி எந்த வருஷம் மாற்றியது (பேட்டரி மேலேயே தேதி இருக்கும்), ராத்திரி லைன் போன பிறகு பிரசவ அறை விளக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறது, ஆக்ஸிடோசின் எங்கே வைத்திருக்கிறார்கள், குளிர்பெட்டியின் வெப்பநிலை ஏடு இரண்டு வேளையும் எழுதப்படுகிறதா, பழுதானால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறதா, கடைசியாகப் பழுது பார்க்க ஆள் வந்த தேதி எது. நர்ஸோடு சண்டைக்குப் போகக் கூடாது. இருட்டில் கஷ்டப்படுகிறவர்களில் முதல் ஆள் அவர்தான். அவர் ஏற்கெனவே மேலே எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் அதன் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளை இந்தியில் அச்சிட்ட தாள் சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து கிடைக்கும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். போர்வெல் லாரியோடு வெளியூர் போகும் தம்பிகள் அங்கங்கே உள்ள நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொடுக்கலாம். வந்து சேர்ந்த தாள்களை நிலையம் நிலையமாகப் பிரித்து, நகல் எடுத்து, ஒன்றை ஜீவன் தீப் சமிதிக்கும் ஒன்றை மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் ஒன்றை கிரெடாவின் மாவட்ட அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம். வரும் பதிலையும், பதில் வராவிட்டால் அதையும், நிலையத்தின் பெயரோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம்.